கிரீன் டீ புற்றுநோய் பரவுவதைத் தடுக்குமா? போத்தலைத் திறக்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், தாப்பா என்ற ஊரில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறேன். கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை இங்கிருந்துதான் கிளம்புகிறது. மேலே தேயிலை, கீழே ரப்பரும் செம்பனையும். தேத்தண்ணி எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் கடந்த சில வருடங்களாக அதே இலை கேப்சூலுக்குள் புகுந்து, மருந்து வேடம் போட்டுக்கொண்டு என் கவுண்டருக்கு வருகிறது.

சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்தார். கிரீன் டீ சாறு, அறுபது கேப்சூல், நூற்று எண்பது வெள்ளி (ரிங்கிட்). லயத்துக்கே வந்து யாரோ விற்றிருக்கிறார்கள்.

"ஏம்மா, இதச் சாப்பிட்டா நோய் வேற எடத்துக்குப் பரவாதாமே. ஒங்க பெரியப்பாவுக்குக் குடுக்கலாமா?"

கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அவருக்கு அன்று அரைமணி நேரம் உட்கார்ந்து சொன்னதை, இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாக, அதே வரிசையில் எழுதுகிறேன். அறிவியல் அப்புறம் வரும். முதலில் அவசரமானது.

படி 1: மருந்துப் பட்டியலை மேசைமேல் வையுங்கள்

ஏற்கெனவே என்ன மருந்து ஓடுகிறது என்று தெரியாமல் எந்தச் சத்து மாத்திரையையும் பற்றிப் பேச முடியாது. ஆஸ்பத்திரிப் புத்தகம், மாத்திரைப் பை, ஊசி போட்ட நாள் குறித்த அட்டை எல்லாவற்றையும் எடுங்கள்.

பெரியம்மா எடுத்து வைத்தார். பெரியப்பாவுக்கு வந்திருப்பது மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. வாரம் ஒருமுறை வேன் பிடித்து ஈப்போ போய் வயிற்றுத் தோலில் ஊசி போட்டுக்கொள்கிறார். ஊசியின் பெயர் போர்டெசோமிப். அந்தப் பெயரைப் படித்ததும் போத்தலை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

காரணம் இதுதான். கிரீன் டீயில் முக்கியமாகப் பேசப்படும் பொருள் எபிகாலோகேட்டச்சின் காலேட். சுருக்கமாக ஈஜிசிஜி. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுவும் போர்டெசோமிபும் சேர்ந்தால் பலன் கூடும் என்று எதிர்பார்த்துத்தான் சோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. அந்த மருந்துக்குள் போரான் உள்ள ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் அதன் கை. ஈஜிசிஜி போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. எலிகளில் மருந்து புற்றைத் தாக்காமல் சும்மா இருந்துவிட்டது. பரவாமல் இருக்கட்டும் என்று கொடுப்பது, பரவாமல் பார்த்துக்கொண்டிருந்த ஊசியையே முடக்கிவிடலாம்.

ஈப்போவுக்குப் போன் போட்டோம். அங்கிருந்த மருந்தாளர் சொன்ன பதில்: சிகிச்சை முடியும்வரை கேப்சூலும் வேண்டாம், கிரீன் டீயும் வேண்டாம்.

எல்லாப் புற்றுநோய் மருந்துக்கும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் தமோக்சிஃபென் பற்றி நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கிரீன் டீ அதன் அளவைக் குறைக்கவில்லை. சிறுநீரகப் புற்றுக்கான சூனிடினிபோ ஈஜிசிஜியோடு சேர்ந்து கட்டிதட்டிவிடுகிறது. எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவும் குறைந்தது. ஆக, மருந்துக்கு மருந்து கதை வேறு. இதனால்தான் "என் மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற சாட்சியம் இங்கே செல்லாது.

புற்றுநோய் மருந்து அல்லாதவற்றையும் பாருங்கள். நாடலால் என்று ஒரு ரத்தக் கொதிப்பு மாத்திரை. ஜப்பானில் 14 நாள் தினமும் 700 மில்லி கிரீன் டீ குடித்தவர்களுக்கு, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு சுமார் 85 சதவீதம் இறங்கிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மாட்சா போல இலையையே அரைத்துக் குடிக்கும் வகைகளில் கவனமாக இருக்க வேண்டும், இலையில் வைட்டமின் கே இருக்கிறது. ரத்தச் சோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தோட்டத்துப் பெண்களிடம் ரத்தச் சோகை நான் அதிகம் பார்ப்பது, இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதும் அதே அளவு பார்ப்பது.

படி 2: போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கம் பச்சை மலையும் பனித்துளியும் இருக்கும். விஷயம் பின்பக்கச் சின்ன எழுத்தில். பெரியம்மாவின் போத்தலில் ஒரு கேப்சூலுக்கு 500 மில்லிகிராம் சாறு, அதில் 45 சதவீதம் ஈஜிசிஜி என்று போட்டிருந்தது. விற்றவர் சொன்ன கணக்கு: வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை, அதுவும் வெறும் வயிற்றில்.

மருந்துச் சீட்டின் பின்புறம் பேனாவால் போட்டுக் காட்டினேன். 500-ல் 45 சதவீதம் 225 மில்லிகிராம். ஆறு கேப்சூல் என்றால் 1350 மில்லிகிராம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது, சத்து மாத்திரையாக நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தவர்களின் ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ஏறின என்று. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒருநாள் அளவு 800-க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இந்தப் பொருள் ரத்தத்தில் இன்னும் அதிகம் ஏறும். கீமோ மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவதே கல்லீரல்தான். அதன் தலையில் இதையும் ஏற்றுவானேன்?

ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பை கிரீன் டீயில் சுமாராக 50 முதல் 100 மில்லிகிராம் ஈஜிசிஜி இருக்கும். இலையும் நேரமும் மாறினால் அளவும் மாறும். ஆறு கேப்சூல் விழுங்குவது பதின்மூன்று கோப்பைக்கு மேல் ஒரே நாளில் ஊற்றிக்கொள்வதற்குச் சமம். குடிக்கிற பழக்கம் வேறு, இது வேறு.

அப்புறம் மால் எண். இங்கே கேப்சூலாக விற்கும் சத்துப்பொருளில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டுப்படமும் இருக்க வேண்டும். அது இருந்தால் பொருள் பதிவானது என்று பொருள். புற்றைக் குணமாக்கும் என்று அரசாங்கம் சான்று கொடுத்ததாகப் பொருள் இல்லை. மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் பொதுமக்களிடம் "இது புற்றுநோய்க்கு மருந்து" என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. விற்பவர் வாயால் சொல்லிவிட்டுக் காகிதத்தில் எழுதாமல் விடுவது இதனால்தான். எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

படி 3: "பரவல்" என்றால் என்ன என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

வெயில் நேரத்தில் பால் மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நடந்திருக்கிறீர்களா? காய் 'படக்'கென்று வெடித்து விதை எங்கோ தள்ளிப் போய் விழும். தார் ரோட்டில் விழுந்தது நசுங்கிப் போகும். காண் (வடிகால்) தண்ணீரில் விழுந்தது அடித்துக்கொண்டு போகும். ஈர மண்ணில் விழுந்தது முளைக்கும்.

1889-ல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எந்த உறுப்புக்குப் பரவியது என்று எண்ணினார். கல்லீரலில் நிறைய, மண்ணீரலில் மிகக் குறைவு. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. அப்படியென்றால் விதை மட்டும் போதாது, மண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கும் 'விதையும் மண்ணும்' என்றுதான் அந்தக் கருத்தைச் சொல்கிறார்கள்.

ஒரு புற்றணு பயணம் போக வேண்டுமென்றால், முதலில் கூட்டத்தைவிட்டுக் கழன்றுகொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் அடித்தளச் சவ்வு என்ற வேலியை அறுக்க வேண்டும். ரத்தத்திலோ நிணநீரிலோ இறங்கி அங்கே சாகாமல் தப்பிக்க வேண்டும், பெரும்பாலானவை இங்கேயே செத்துப்போகின்றன. தப்பியது வேறோர் உறுப்பில் கரையேறி, அங்கே வேர்பிடித்து, தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் தடுக்கினாலும் பயணம் நின்றுபோகும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதில் ஆர்வம் வருவது இந்தக் காரணத்தால்தான்.

மைலோமா போன்ற ரத்தப் புற்றுகளுக்கு இந்தப் படம் அப்படியே பொருந்தாது, அவை ஆரம்பத்திலிருந்தே பல இடங்களில் இருக்கக்கூடியவை. விற்றவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

படி 4: சோதனைக்கூடத்தில் உண்மையில் என்ன பார்த்தார்கள்

இதைக் கேட்டால் கொஞ்சம் ஆச்சரியப்படுவீர்கள். கிரீன் டீக் கதை முழுக்கப் புளுகு இல்லை. நல்ல ஆய்வுகள் இருக்கின்றன.

வேலியை அறுக்கும் கத்தரிகள் இரண்டு உண்டு, எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற என்சைம்கள். ஈஜிசிஜி இவற்றின் வேலையைக் குறைக்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 1999-ல் காட்டினார்கள். அதே ஆண்டு ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதிலாகக் கிரீன் டீ கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணின் கருவிழியில் புது ரத்தக்குழாய்கள் வளர்வது குறைந்தது. 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். உயிரணுவின் மேற்பரப்பில் ஈஜிசிஜி போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி இருக்கிறது, லாமினின் ஏற்பி. லாமினின் என்பது அந்த வேலியிலேயே இருக்கும் புரதம். புற்றணுக்கள் வேலியைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் கொக்கிகளில் அதுவும் ஒன்று. சும்மா எங்கோ தற்செயலாக ஒட்டவில்லை, பரவலோடு தொடர்புள்ள இடத்திலேயே போய் ஒட்டுகிறது. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு ரொம்பப் பிடிக்கும்.

சரி, சிக்கல் எங்கே? அளவில். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்கள்மேல் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் (திரவத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கான அலகு) ஈஜிசிஜி ஊற்றுகிறார்கள். ஒன்றிரண்டு கோப்பை குடித்த மனிதரின் ரத்தத்தில் 1 மைக்ரோமோலாரைத் தொடுவதே அபூர்வம். குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சியதையும் உடம்பு உருமாற்றிச் சில மணி நேரத்தில் வெளியே தள்ளுகிறது. போதாக்குறைக்கு, தட்டில் உள்ள திரவத்தில் ஈஜிசிஜி தானாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. சில சோதனைகளில் அணுவைக் கொன்றது தேயிலையா பெராக்சைடா என்ற சந்தேகமே வரும்.

குடலைக் கடக்க வேண்டாத இடத்தில் கேட்டச்சின்கள் (ஈஜிசிஜி சேர்ந்த தேயிலைப் பொருள்களின் குடும்பம்) ஜெயித்திருக்கின்றன. அமெரிக்காவில் 2006-ல் கிரீன் டீச் சாற்றுக் களிம்பு ஒன்றுக்கு மருந்தாகவே அனுமதி கிடைத்தது. பிறப்புறுப்பில் வரும் மருக்களுக்கு, தோலின்மேல் தடவ. புற்றுக்கு அல்ல.

படி 5: மனிதர்களிடம் வந்தபோது

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. யாராவது ஒரே ஓர் ஆய்வை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மற்றது எங்கே என்று கேளுங்கள்.

நம்பிக்கை தருபவை முதலில். ஜப்பானின் சைதாமாவில் மார்பகப் புற்று வந்த 472 பெண்களை வைத்து 1998-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல், இரண்டாம் கட்டத்தில் இருந்தவர்களில் நாளைக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு நோய் திரும்பியது 16.7 சதவீதம். குறைவாகக் குடித்தவர்களுக்கு 24.3. மூன்றாம் கட்டத்தில் எந்த நன்மையும் தெரியவில்லை. கவனியுங்கள், இவர்களை யாரும் குடிக்க வைக்கவில்லை, ஏற்கெனவே குடித்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். கிரீன் டீ குடிப்பவர் வேறு பல விஷயத்திலும் உடம்பைப் பேணுபவராக இருக்கலாம்.

2006-ல் இத்தாலியில், புராஸ்டேட்டில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 60 ஆண்களில் பாதிப்பேருக்கு நாளைக்கு 600 மில்லிகிராம் கேட்டச்சின் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அந்த 30 பேரில் ஒருவருக்கே புற்று வந்தது. வெற்று மாத்திரை எடுத்த 30 பேரில் ஒன்பது பேருக்கு. உலகமே துள்ளியது. ஆனால் 2015-ல் அமெரிக்காவில் இதேபோல 97 பேரிடம் செய்தபோது 49 பேரில் ஐந்து, 48 பேரில் ஒன்பது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்று புள்ளியியல் சொல்லிவிட்டது.

இவை இரண்டும் வருமுன் காப்பது பற்றியவை. ஏற்கெனவே பரவியவர்களிடம்? அதற்கும் பதில் இருக்கிறது, 2003-லேயே. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத, பரவிய புராஸ்டேட் புற்று உள்ள 42 பேருக்குத் தினமும் 6 கிராம் கிரீன் டீத் தூள். ஒரே ஒருவருக்கு, புற்றின் நிலையைக் காட்டும் ரத்தக் குறியீடு பாதிக்குமேல் இறங்கியது, அதுவும் இரண்டு மாதத்துக்குமேல் நிற்கவில்லை. 69 சதவீதம் பேருக்குக் குமட்டல், வாந்தி, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒரு தொல்லை. விற்பவர்களின் காகிதத்தில் இந்த ஆய்வை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பெரிய படம்: ஜப்பானில் ஓசாகி பகுதியில் 40,530 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். அதிகம் குடித்தவர்களுக்கு இதய நோய், பக்கவாதச் சாவு குறைவு. புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் இல்லை. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 142 ஆய்வுகளை, பதினொரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவலை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. புற்றைத் தடுக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு முடிவுகள் முன்னுக்குப் பின் முரண் என்றது.

என் கருத்தைக் கேட்டால்: கேட்டச்சினிலிருந்து ஒருநாள் ஒரு நல்ல மருந்து வரலாம். அதை இந்தப் போத்தல் என்று நினைப்பது, ரப்பர் விதையைக் காட்டி டயர் என்று விற்பதைப் போல.

நான் உண்மையில் பயப்படுவது கல்லீரலைவிட நாட்களைப் பற்றி. மலேசியாவில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள். "கொஞ்ச நாள் இதைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன், அப்புறம் ஆஸ்பத்திரி" என்று ஓடிப்போகும் மூன்று மாதம்தான் எனக்குப் பயம். மார்பில் கட்டி, ஆறாத புண், மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் முதல் நிறுத்தம் அரசாங்க கிளினிக். பதிவுக்கு ஒரு வெள்ளி. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) கட்டுகிற நாற்பது வயதுக்காரர்களுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது, அதில் பெண்களுக்கு மேமோகிராமும் உண்டு.

படி 6: குடிக்கத்தான் ஆசை என்றால், சரியாகப் போட்டுக் குடியுங்கள்

மருந்தோடு மோதல் இல்லை, டாக்டரும் சரி என்கிறார். அப்படியென்றால் நாளைக்கு இரண்டு மூன்று கோப்பை கிரீன் டீ நல்ல பானம்தான்.

கிரீன் டீக்குத் தனிச் செடி கிடையாது. 1929-லிருந்து மலைமேல் 'போ' என்ற தேயிலை நிறுவனம் வளர்க்கிற அதே தேயிலைச் செடிதான். பறித்த இலையை வாடவிட்டு, உருட்டி, காற்றில் நிறம்மாற விட்டால் கேட்டச்சின்கள் வேறு பொருள்களாக மாறிக் கறுப்புத் தேயிலை ஆகிறது. பறித்த கையோடு ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டினால் அந்த மாற்றம் நின்று, பச்சையாகவே இருந்துவிடுகிறது.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். உடனே இலைமேல் ஊற்றினால் கசந்துவிடும். வேறொரு மக்கில் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் திறந்தே வையுங்கள், ஆவி குறைந்து மெல்ல எழும்பும்போது ஏறக்குறைய 80 டிகிரி. ஒரு கோப்பைக்கு ஒரு சின்னக் கரண்டி இலை, இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் வடிகட்டி. பால் சேர்த்தால் பால் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும், கெட்டிப்பால் ஊற்றினால் சர்க்கரையும் கூடவே. எங்கள் ஊர்க் கடையில் கேட்பதைப் போல 'கோசோங்', சீனி இல்லாமல் குடித்துப் பழகுங்கள்.

வாய் பொறுக்காத சூட்டில் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியிருக்கிறது. புற்றுக்குப் பயந்து குடிக்கிற தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்குமேல் வேண்டாம், அதிலும் கஃபீன் இருக்கிறது. கீமோ எடுப்பவருக்குத் தூக்கம் ஏற்கெனவே பாடு.

படி 7: டாக்டரிடம் கேட்க வேண்டியது

"கிரீன் டீ நல்லதா?" என்று கேட்டால் "பரவாயில்லை, குடிங்க" என்றுதான் பதில் வரும், அவர் கோப்பையை நினைத்துச் சொல்வார். போத்தலையே கையில் கொண்டுபோங்கள். "இதில் நாளைக்கு இத்தனை மில்லிகிராம் ஈஜிசிஜி. எனக்கு ஓடும் இந்த மருந்தோடு சேருமா? கல்லீரல் ரத்தச் சோதனை எப்போது?" இந்த இரண்டு கேள்வி போதும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள், எத்தனை நாள், எத்தனை கேப்சூல் என்று சொல்லிவிடுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மா போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பாதிக் காசுதான் கிடைத்ததாம். போன வாரம் வேனுக்குக் காத்திருந்தபோது கடைக்குள் வந்து, மலைமேல் தானா ராத்தாவில் வாங்கிய கிரீன் டீப் பொட்டலம் ஒன்றைக் காட்டினார். "எனக்குத்தான்மா. நான் ஒரு மருந்தும் சாப்பிடலியே, குடிக்கலாம்ல?" குடிக்கலாம் என்றேன். பெரியப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கோப்பி-ஓ குடித்துக்கொண்டிருந்தார்.